நீலமும் பழுப்பும்

நான் போய்ச் சேர்வதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமையின் காலைக் காப்பி அழிந்துபோயிருந்தது.

"ஏழே காலுக்கே போச்சுங்க. அப்புறம் பேப்பர் படிச்சது போச்சு. இப்ப ஷேவ் பண்ணிட்டு இருக்காரு. அதும் இன்னும் பத்து நிமிஷந்தான்" என்றார் வளர்மதி, கதவைத் திறந்த கையோடு. ஐம்பது வயது இருக்கும். அழைப்பு மணியை நான் ஒருமுறைதான் அழுத்தினேன். கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்க வேண்டும். "ஒரு மணிக்குள்ள சரி பண்ணிருவீங்களாண்ணா?"

மணி பத்தே முக்கால். சரவணம்பட்டியில் ஒரு குடியிருப்பின் ஒன்பதாவது மாடி. எனக்கு அன்று வேறு வேலை இருந்தது. முந்தைய நாள் அவர் போனில் அழுததால் அதைத் தள்ளிவைத்துவிட்டு வந்தேன். அழுபவர்களைக் கண்டால் எனக்கு இரக்கம் வராது, எரிச்சல்தான் வரும். ஆனால் இவர் அழுததை மறைக்கப் பார்த்தார். அதனால் வந்தேன்.

இன்றைக்கு மீள்பெட்டி இல்லாத வீடு குறைவு. கூரையில் பதித்த கண்ணும் காதும் வீட்டில் நடப்பதையெல்லாம் பிடித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டே இருக்கும். அதற்கென்று ஒதுக்கிய அறையில் போய் உட்கார்ந்தால் ஏதோ ஒரு பழைய நாள் உங்களைச் சுற்றி மறுபடி நடக்கும். வாசனை உட்பட. தொட மட்டும் முடியாது. பெட்டியிலிருந்து அறைக்கு அது வயரில்தான் போக வேண்டும், காற்றில் அனுப்பக் கூடாது என்று சட்டம். ஆரம்பத்தில் அடுத்த வீட்டுப் படுக்கையறையைப் பிடித்துப் பார்த்த யோக்கியர்களால் வந்த சட்டம் அது. எனக்குச் சோறு போடுவதும் அதுதான். பதிவில் இருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் எதையும் அழிக்க முடியும். ஆனால் நான்கு வருடம் ஆகிவிட்டால் யார் கெஞ்சினாலும் நிற்காது. ஒரு நிமிடத்துக்கு நான்கு வருடம் பூர்த்தியானதும் அந்த நிமிடத்தின் பதிவு தானாகப் போய்விடும்.

வளர்மதி பார்க்க வேண்டிய நாளுக்கு அன்றோடு நான்கு வருடம்.

அறைக்குள் கூட்டிப்போனார். நான்கு வருடத்துக்கு முந்தைய அவருடைய ஹால் எங்களைச் சுற்றி எழுந்தது. கை கழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் ஓர் ஆள் முகம் முழுக்க நுரையோடு நின்றான். காதோரத்து நரை முடி வரை துல்லியம். ஷேவிங் கிரீம் வாசனை வந்தது. ஆனால் அவனுக்கு இரண்டடி தள்ளி எல்லாம் சாம்பல். ஜன்னல் இல்லை, பால்கனி இல்லை, தெருச் சத்தம் இல்லை. மூட்டைக்குள் நிற்கும் மனிதன் மாதிரி நின்றான்.

"பாருங்க, அவருக்கு அக்கட்டால ஒண்ணுமே இல்ல. இந்தப் பொட்டி இப்படித்தான் காட்டும்னு நானும் நெனச்சுட்டு இருந்தேன். போன வாரம் நாலாவது மாடி நாகரத்னம் அக்கா வூட்ல பாத்தனுங்க. அவங்க செவுத்துல பல்லி போறது கூடத் தெரியுது. கம்பெனில கேட்டா, பொட்டி நல்லாருக்குது, வூட்டு வயரு உங்க பாடுங்கறாங்க."

"பெட்டி எல்லாத்தையும் முழுசாத்தாங்க வெச்சிருக்கும். வர்ற வழி குறுகலா இருந்தா நடுவுல நிக்கறவர மட்டும் அனுப்பும். ஓரத்துல இருக்கறத விட்டுரும்."

"எதுக்கு விடணும்?"

"டவுன் பஸ்ஸுல எடம் இல்லீன்னா கண்டக்டர் எல்லாரையுமா ஏத்துவாரு?"

அவர் சிரிக்கவில்லை. "அப்ப எம் பொண்ணு ஏறல" என்றார்.

மகள் பெயர் கயல்விழி. தானாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போனவள். ஆறு மாதம் பேச்சில்லை. பிறகு வளர்மதியே கணவரிடம் சொல்லி அவளை வரச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வந்தாள்.

"பள்ளிபாளையம் சிக்கன் செஞ்சேன். அவளுக்கு அதுன்னா உசுரு. அவ வந்த சத்தம் கேட்டுச்சு. நான் அடுப்படில இருந்து வெளிய வரலீங்க. அவளா உள்ள வரட்டும்னு நின்னேன். ஆறு மாசம் கழிச்சுப் பாக்கறோம், சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. அப்பனும் மவளும் பால்கனில நின்னாங்க. நான் எல போட்டுட்டு வந்து பாக்கறேன், ஆளக் காணம். ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டா."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஏதோ அவசரமா போன் வந்துச்சு, கெளம்பிட்டான்னாரு. எல வரைக்கும் வந்துட்டுச் சோத்துல கை வெக்காமப் போறவள நான் எதுக்குங்க கூப்படோணும்? நானும் விட்டுட்டேன். போன வருஷம் அவரு செத்தப்ப வந்தா. மின்மயானத்துல தூணோரமா நின்னா. நானும் பேசல, அவளும் பேசல. அந்த ஞாயித்துக்கெழம ஒரு மணி சுமாருக்குத்தான் அவ போனது. பால்கனிக்குப் போனா இந்த ரூமுல அவரும் மறைஞ்சிர்றாரு, பேச்சும் கேக்கறதில்ல. அவ மூஞ்சியப் பாக்கோணும். கோவிச்சுட்டுப் போனாளா, நெசமாவே போன் வந்துதான் போனாளா. அது தெரிஞ்சாப் போதுங்க எனக்கு."

நான் வேலையைத் தொடங்கினேன்.

சுவரிலிருந்து அறைக் கருவிக்கு வரும் வயரைக் கழற்றி என் பையிலிருந்த புதிய வயரைப் போட்டேன். கருவியின் விளக்கு மஞ்சளாகவே இருந்தது. மஞ்சள் என்றால் வேகம் நூறு. பச்சை என்றால் அதைப்போல் பத்து மடங்கு, ஆயிரம். நூறு போதும் என்ற காலம் ஒன்று இருந்தது. நான் அந்தக் காலத்து ஆள். கருவியின் துளையைத் துடைத்து மறுபடி செருகினேன். மஞ்சள். பத்தில் ஒன்பது வீடுகளில் இந்த வயர்தான் திருடன். கட்டில் கால் ஏறியிருக்கும், இல்லையென்றால் எலி கடித்திருக்கும். இங்கே அது இல்லை.

"பொட்டி எங்க?"

"வாசல்ல, செருப்பு வெக்கற அலமாரிக்கு மேல."

ஸ்டூல் போட்டு ஏறினேன். பெட்டியின் நெற்றியில் வெள்ளை டேப் ஒட்டி நீல மையில் எழுதியிருந்தது:

*வயர் தகராறுன்னா சிகாவைக் கூப்பிடு. வேறு ஆளை விடாதே.*

கீழே என் நம்பர்.

ஊரில் பாதி லிஃப்டில் என் ஸ்டிக்கர் இருக்கிறது. நம்பர் கிடைப்பது பெரிய விஷயமில்லை. ஆனால் ஸ்டிக்கரில் இருப்பது தெய்வசிகாமணி என்ற முழுப்பெயர். சிகா என்று என்னைக் கூப்பிட்டவர்கள் ஒரே ஒரு கட்டடத்தில் இருந்தார்கள். அந்தக் கட்டடத்தைவிட்டு நான் வந்து முப்பத்துமூன்று வருடம்.

"உங்க வீட்டுக்காரர் பேரு?"

"லோகநாதனுங்க. தெரியுமா?"

நான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன். நுரைக்குள் இருந்த முகம் லோகு.

கல்லூரி ஹாஸ்டலில் அவன் அறை நாற்பத்துமூன்று, என் அறை நாற்பத்துநான்கு. நடுவில் ஒரு சுவர். வாசிப்பு அறையில் இருந்த நெட்வொர்க் பெட்டியிலிருந்து மாடிக்கு ஒரு வயர் இழுக்க முடிந்தது, இரண்டாவது வயர் வாங்க வழி இல்லை. லோகுதான் கண்டுபிடித்தான். வயருக்குள் எட்டுக் கம்பிகள். நூறு வேகத்துக்கு நான்கு போதும். ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் அவன் அறைக்கு. நீல ஜோடியும் பழுப்பு ஜோடியும் என் அறைக்கு. ஒரே வயரில் இரண்டு அறை. சுவரில் ஆணியால் ஓட்டை போட்டோம். கம்பி முனையைப் பூட்டும் கிரிம்பிங் டூல் வாங்கக் காசு இல்லாமல் ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு பல்லாக அழுத்தினோம். முதல் முறை அவன் கம்ப்யூட்டரில் இருந்த பாட்டு என் கம்ப்யூட்டரில் பாடியபோது இருவரும் சுவரின் இரண்டு பக்கமும் நின்று கத்தினோம். ஞாயிறு மதியங்களில் மெஸ் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தளம் முழுக்கத் தூங்கும். நாங்கள் இருவரும் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருப்போம். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் கெட்ட வார்த்தை சொன்னால் நான் ஜெயித்துவிட்டேன் என்று அர்த்தம். அதற்குப் பிறகு எவ்வளவோ வேகமான வயர்களைப் பார்த்துவிட்டேன். எதிலும் அவ்வளவு வேகமாக எதுவும் வந்ததில்லை.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பயன்படாத கம்பியை நான் வெட்டப்போனால் கையைத் தட்டிவிடுவான். "வெட்டாதடா, மடிச்சு வை. நாளைக்கு வேணும்."

மூன்றாம் வருடம் வார்டன் வந்தார். அவர் வருவது முதலில் லோகுவுக்குத்தான் தெரிந்தது. அவன் தன் பக்க முனையைப் பிடுங்கி ஓட்டையைக் காலண்டரால் மூடிவிட்டான். என் அறையில் நீலமும் பழுப்பும் தொங்கிக்கொண்டிருந்தன. "இது யாரோட வேலை?" என்று வராந்தாவில் நிற்கவைத்துக் கேட்டபோது லோகு, "எனக்குத் தெரியாது சார்" என்றான். அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு செமஸ்டர் தடை. நான் திரும்பிப் போகவில்லை. சென்னையில் ஒரு சர்வர் அறையில் ராத்திரி வேலைக்குச் சேர்ந்தேன். பெரிய சோகமெல்லாம் இல்லை. அப்படி நடந்தது, அவ்வளவுதான். அவனும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

"ஹாஸ்டல்ல பக்கத்து ரூமுங்க" என்றேன்.

"அய்யோ, ஒரு நாளும் சொன்னதில்லயே அவரு!"

"சொல்ற மாதிரி பெருசா ஒண்ணும் இல்லீங்க."

டெஸ்டரை எடுத்தேன். ஒரு முனை பெட்டிப் பக்கம், இன்னொரு முனை அறைச் சுவரில். எட்டு விளக்குகள் வரிசையாக எரிய வேண்டும். ஒன்று எரிந்தது. இரண்டு, மூன்று. நான்கு இருட்டு, ஐந்து இருட்டு. ஆறு எரிந்தது. ஏழும் எட்டும் இருட்டு.

தேய்ந்த வயர் இப்படிப் பழுதாகாது. எலி ஜோடி பார்த்துக் கடிக்காது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் சுவர் மூடியின் திருகைக் கழற்றிப் பார்த்தேன். ஆரஞ்சும் பச்சையும் ஜாக்கில் இருந்தன. நீலமும் பழுப்பும் பின்னால் மடித்து, சுற்றி, டேப் ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. பெட்டிப் பக்கமும் அதே மடிப்பு. அந்த மடிப்பை நான் முப்பத்துமூன்று வருடம் கழித்தும் இருட்டில் தடவிச் சொல்வேன்.

மணி பன்னிரண்டு ஆகப்போனது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வழி இருந்தது. செவுத்துக்குள்ள வயரு செத்துப்போச்சுங்க, புதுசு இழுக்க ரெண்டு நாளாகும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு மணி தாண்டிவிடும். லோகு மறைத்தது என்னவோ அது போய்விடும். அவருக்குக் கணவன் இருப்பான், நடுவில், துல்லியமாக, நுரையோடு. எனக்கும் நல்ல பெயர். தொழிலில் இந்தப் பொய்யைச் சொல்லாதவன் இல்லை.

"என்னாச்சுங்க?" என்றார் வளர்மதி வாசற்படியில் நின்று. "தகராறு என்னன்னு தெரிஞ்சுதா?"

"தகராறு இல்லீங்க. கை வேலை."

"புரியல."

மடித்த கம்பிகளைக் காட்டினேன். "இந்த நாலையும் மாட்டுனாத்தான் முழுசும் வரும். மாட்டாம மடிச்சு வெச்சிருக்கு. ரெண்டு பக்கமும்."

"யாரு?"

அவர் பெட்டி மேல் இருந்த எழுத்தைத் திரும்பிப் பார்த்தார். தரையில் என் பைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தார்.

"அந்த ஞாயித்துக்கெழமைக்கு அப்புறம் ஒரு நா இந்த அலமாரிகிட்ட ஏதோ நோண்டிட்டு இருந்தாரு. என்னன்னு கேட்டதுக்குக் கரப்பான்பூச்சின்னாரு. அழிக்கறதுன்னா அழிச்சிருக்கலாமில்ல?"

"அழிக்க உங்க கையெழுத்து வேணும். உங்க பொண்ணு கையெழுத்தும் வேணும். எதுக்குன்னு கேப்பீங்கல்ல?"

"அதனால வழியக் குறுக்கி வெச்சிட்டாரா." அதைக் கேள்வியாகச் சொல்லவில்லை. "நாலு வருஷம் ஓட்டிட்டாப் போதும், தானா போயிரும்னு. அதுக்குள்ள அவரே போயிட்டாரு."

"இருக்கலாமுங்க. அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"நல்ல மனுசனாண்ணா அவரு? நீங்க சொல்லுங்க. நான் இருபத்தியெட்டு வருஷம் கூட இருந்தேன், எனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"கெட்டவன் இல்ல. பயந்தவன்."

அவர் தலையை ஆட்டினார். மறுக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்றேன்" என்றேன். "மூடோணும்னு நெனச்சவன் கம்பிய அடியோட வெட்டிருப்பான். அப்புறம் ஒருத்தனாலயும் மாட்ட முடியாது. இவன் ஒரு சாண் நீளத்துக்கு மடிச்சு வெச்சிருக்கான். மடிப்பப் பாத்தா யாரு பண்ணதுன்னு தெரிஞ்சுக்கற ஒரே ஆளோட நம்பரையும் எழுதி வெச்சிருக்கான். அதுக்கு என்ன அர்த்தமோ, நீங்க வெச்சுக்குங்க. மாட்டச் சொன்னா மாட்டறேன். வேண்டாம்னா மூடிட்டுப் போறேன். இருபது நிமிஷ வேலை. மணி பன்னண்டு பத்து."

வளர்மதி எழுந்து மீள் அறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை. குறுகலான வழியிலேயே மறுபடி போட்டார். அந்த ஞாயிறு பன்னிரண்டு பத்துக்கு லோகு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். சின்ன வெங்காயம். சுற்றிலும் சாம்பல். கண்ணில் தண்ணீர் வந்து புறங்கையால் துடைத்தான். "வளரு, இது போதுமா இன்னும் வேணுமா?" என்று சாம்பலைப் பார்த்துக் கேட்டான். சாம்பலிலிருந்து பதில் வரவில்லை. அவன் மட்டும் கேட்டதுபோலத் தலையாட்டிவிட்டு மறுபடி உரித்தான்.

இப்படித்தான் பதினான்கு மாதமாக அந்தப் பெண் அவனோடு உட்கார்ந்திருக்கிறார். தன் குரல்கூட வராத ஒரு வீட்டில்.

ஐந்து நிமிடம் இருந்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. கூப்பிடவும் முடியவில்லை. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"மாட்டுங்க" என்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். சுவர்ப் பக்கம் முதலில். டேப்பை உரித்தால் பசை கம்பியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நீலத்தையும் வெள்ளைநீலத்தையும் பிரித்து ஜாக்கில் அழுத்தினேன், பிறகு பழுப்பு. பெட்டிப் பக்கம் பழைய முனையை வெட்டிவிட்டு எட்டுக் கம்பிகளையும் வரிசையாக நீவினேன். மடிந்தே இருந்த கம்பி நேராகாது, மடிப்பு இருந்த இடத்திலேயே வளையும். முதல் முறை கிரிம்ப் செய்துவிட்டு டெஸ்டரை வைத்தால் ஏழாவது விளக்கு எரியவில்லை. கம்பி உள்ளே போய்ச் சேரவில்லை. கெட்ட வார்த்தை வந்தது. வெட்டினேன். மறுபடி நீவினேன்.

"மணி பன்னண்டு நாப்பத்தி ஆறு" என்றார் பின்னாலிருந்து. அவசரப்படுத்தும் குரல் இல்லை. யாரோ ரயில் நேரம் சொல்வதுபோல.

இரண்டாவது முறை எட்டும் எரிந்தன. செருகினேன். பெட்டியின் விளக்கு மஞ்சளில் ஒரு நொடி தயங்கிப் பச்சையானது.

நான் பையைக் கட்டப் போனேன். "நீங்களும் வாங்க" என்றார். "தனியாப் பாக்க முடியாதுங்க."

உள்ளே போனோம்.

முதலில் சத்தம் வந்தது. குக்கர், புகைபோக்கி விசிறி, கீழே தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் டிங் டிங். எங்கோ ஒரு வீட்டில் டிவி. பிறகு வெளிச்சம். சாம்பல் இருந்த இடமெல்லாம் வீடாக நிரம்பியது. சோபா மேல் துவைத்த துணிக் குவியல், சுவரில் நிஜமாகவே ஒரு பல்லி. மிளகாயும் தேங்காயும் வதங்கும் வாசனை. வளர்மதி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அவர் பார்த்தது பால்கனியை இல்லை. அடுப்படி வாசலில் நான்கு வருடத்துக்கு முந்தைய வளர்மதி நின்றிருந்தார். மசாலாக் கையைப் புடவையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஹாலுக்கு முதுகைக் காட்டி, காதை மட்டும் வெளியே வைத்து. நல்ல புடவை கட்டியிருந்தார்.

மணி பன்னிரண்டு ஐம்பத்தேழு. நாங்கள் பார்த்த ஒவ்வொரு நிமிடமும் பார்த்த உடனேயே அழிந்துகொண்டிருந்தது. ரிவைண்ட் கிடையாது.

பால்கனியில் லோகு. எதிரில் மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பையில் வேரோடு ஒரு ரோஜாச் செடி.

"அம்மா எங்கப்பா? உள்ள போலாமா?"

"சித்த இரு கயலு."

"என்னப்பா?"

லோகு தெருவைப் பார்த்தான். எனக்கு அந்தப் பார்வை தெரியும். வராந்தாவில் பார்த்திருக்கிறேன். "உங்கம்மா உனக்கு எல போட மாட்டேங்கறா. வந்த வழியே போகச் சொல்லுங்கன்னு சொல்றா. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

குக்கர் விசில் அடித்தது. அடுப்படியில் பழைய வளர்மதி அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வாழை இலையைத் துடைத்து விரித்தார்.

"அம்மாவே சொன்னாங்களா?"

"அவளப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"கறி வாசம் வருதேப்பா."

"அது ஒறம்பரைக்கும்மா. ரெண்டு மணிக்குப் பெரியப்பா வூட்ல இருந்து வர்றாங்க. அவங்க வர்றப்ப நீ இங்க இருந்தீன்னா..." அதோடு நிறுத்திக்கொண்டான்.

கயல் முகத்தில் கோபம் இல்லை. போன் எதுவும் வரவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக அடுப்படிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது ஒரு முதுகு மட்டும்.

"சரிங்கப்பா. இத மட்டும் அம்மாகிட்ட குடுத்துருங்க. ஓசூர்ச் செடி. நாந்தான்னு சொல்ல வேண்டாம்."

அவள் ஹாலைக் கடந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்து போனாள். வாசற்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஒன்று ஐந்துக்கு வளர்மதி நிறுத்தினார். எல்லாம் ஒரு நொடியில் அணைந்து, அறை வெறும் அறையானது. இனி அந்த நாளில் மிச்சமிருப்பது பரிமாறாத இலையும் இரண்டு மணி உறவினர்களும்தான். அதைப் பார்க்க அவர் விரும்பவில்லை.

வளர்மதி அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து ஹாலுக்கு வந்து பால்கனியைப் பார்த்தபடி நின்றார். அங்கே ஒரு சிமெண்ட் தொட்டியில் இடுப்பு உயரத்துக்கு ரோஜா. நான்கைந்து பூக்கள்.

"நர்சரில வாங்குனேன்னாரு" என்றார். "தெனமும் தண்ணி ஊத்தறேன்."

"ம்."

"என் வாயில சொல்லாதத என் பேருல சொல்லிருக்காரு. ஒறம்பரைக்குப் பயந்துட்டு." குரல் உயரவில்லை. "நான் எல போட்டுட்டுத்தாண்ணா இருந்தேன்."

"பாத்தனுங்க."

சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தீங்கல்ல? இப்ப அது எங்கயும் இல்ல. நான் சொன்னா அவ நம்புவாளா? செத்துப்போன மனுசன் மேல பழியப் போடறேன்னுதான் நெனப்பா. பாத்த ஆளு நீங்க ஒருத்தர்தான்."

அவன் எதற்கு என் நம்பரை எழுதினான் என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. வயர் மாட்ட ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். லோகு பொய் சொன்னான் என்று நேராகச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

"நம்பர் இருக்குதுங்களா?" என்றேன்.

நான்கு வருடமாக விட்டுவிட்டேன் என்று சொன்ன அந்தப் பெண் பத்து எண்களையும் மூச்சு விடாமல் சொன்னார்.

மூன்றாவது மணியில் எடுத்தாள். "யாருங்க?"

"வயர் வேலை பாக்கறவனுங்க. கோயமுத்தூர்ல இருந்து பேசறேன். உங்கப்பாகூட ஹாஸ்டல்ல இருந்தவன்."



"சிகா அங்கிளா?"

"ஆமாம்மா" என்றேன்.

"அப்பா சொல்லிருக்காருங்க. ஆஸ்பத்திரில இருந்து எனக்கு ஒரு தடவ போன் பண்ணாரு. அம்மாவுக்குத் தெரியாம. ஹாஸ்டல்ல ஒருத்தன மாட்டிவிட்டுட்டு வேடிக்கை பாத்தேன், இன்னைக்கு வரைக்கும் அவன் மூஞ்சில முழிக்கத் தைரியமில்லன்னாரு. இன்னொண்ணும் சொல்ல வந்தாரு. சொல்லாமயே வெச்சுட்டாரு."

"அந்த இன்னொண்ணத்தாம்மா நான் சொல்றதுக்குக் கூப்பிட்டேன்."

சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எல போட மாட்டேங்கறா என்று அவன் சொன்னது, மசாலாக் கையோடு உங்கம்மா நின்றது, நல்ல புடவை, மஞ்சள் சுடிதார், செடி. நாந்தான்னு சொல்ல வேண்டாம் என்று அவள் சொன்னதை நான் திருப்பிச் சொன்னபோது மூச்சு அறுபடுவது கேட்டது. அது அவளுக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த வார்த்தை.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

போனை வளர்மதியிடம் கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

நான் தரையில் கிடந்த கம்பித் துண்டுகளைப் பொறுக்கினேன். சுவர் மூடியின் திருகுகளை முடுக்கினேன். பெட்டி மேலிருந்த வெள்ளை டேப்பை உரித்துவிடலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினேன்.

பால்கனியில் இன்னும் யாரும் பேசவில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். அந்த முனையிலும் அப்படித்தான் என்று தெரிந்தது. செத்த லைனில் ஒரு மாதிரி நிசப்தம் இருக்கும். முப்பது வருடம் அதைக் காதில் வைத்துக் கேட்டிருக்கிறேன். இது அது இல்லை.

கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு வந்தேன்.